தராசில் ஏறாத லாபம்
புல்லோடு பயறுவகைத் தீவனம்: ஒரு வகுப்பறைச் செயல்திட்டம்

மாசி பிறந்து மலை காயத் தொடங்கியதும் எங்கள் வருகைப் பதிவேட்டில் சில பெயர்களுக்கு நேரே விடுப்புக் குறிகள் வரிசையாக விழத் தொடங்கும். காய்ச்சலா, ஊருக்குப் போயிருக்கிறார்களா என்று விசாரித்தால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பதில் சொல்லும்: "மாட்டுக்குப் புல்லு இல்ல டீச்சர். தழை ஒடிக்க அப்பாகூடப் போயிட்டான்."

புதூர்நாட்டில் பணியில் சேர்ந்த புதிதில் இதை வருகைப் பிரச்சினையாக மட்டுமே பார்த்தேன். பெற்றோரைச் சந்தித்துப் பேசினேன். பையன் இரண்டு நாள் வருவான். மூன்றாம் நாள் மறுபடியும் மாட்டின் பின்னால் போய்விடுவான். அந்த வீட்டுக்கு மாடுதான் ஏர், எரு, அவசரத்துக்குக் கைகொடுக்கும் சேமிப்பு. அதைப் பட்டினி போட்டுவிட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பச் சொல்வதில் நியாயம் எவ்வளவு என்று பிறகு என்னையே கேட்டுக்கொண்டேன். தீவனத்தையே ஒரு பாடமாக்கினால் என்ன என்ற எண்ணம் அப்போது வந்தது. இரண்டு பருவமழைக் காலங்களில் மாணவர்களோடு செய்த அந்தச் செயல்திட்டத்தை இங்கே பகிர்கிறேன். சமவெளிப் பள்ளிகளிலும் இதைச் செய்யலாம். புல்லும் பயறும் மட்டும் மாறும்.

பாடத்தில் இதற்கு இடம் எங்கே?

தனி நேரம் ஒதுக்கத் தேவையில்லை. 8ஆம் வகுப்பு அறிவியலில் 'பயிர்ப் பெருக்கம் மற்றும் மேலாண்மை', 9ஆம் வகுப்பில் 'பொருளாதார உயிரியல்', 6ஆம் வகுப்புக் கணக்கில் 'விகிதம் மற்றும் விகிதசமம்', 8ஆம் வகுப்புக் கணக்கில் 'வாழ்வியல் கணிதம்' ஆகியவற்றோடு இது நேராகப் பொருந்தும். தொடக்க வகுப்புப் பிள்ளைகள் இலைகளைச் சேகரிக்கலாம், முளைத்த விதைகளை எண்ணலாம், வாரந்தோறும் செடியின் உயரத்தை அளக்கலாம்.

பாடத்தின் முடிவில் மாணவர்கள் மூன்று செய்திகளைத் தங்கள் சொற்களில் விளக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். பயறுவகைச் செடி காற்றிலிருந்து என்ன பெறுகிறது? அது மாட்டுக்கும் மண்ணுக்கும் எப்படிப் போய்ச் சேர்கிறது? அதன் மதிப்பைப் பணத்தில் எப்படிக் கணக்கிடுவது?

முன்னறிவிலிருந்து தொடங்குவோம்

"கேழ்வரகுக் கொல்லையில் வேறு என்ன இருக்கும்?" என்று கேட்டுத்தான் பாடத்தைத் தொடங்கினேன். மொச்சை, அவரை, துவரை என்று பதில்கள் வந்தன. "ஏன் சேர்த்துப் போடுகிறார்கள்?" என்றேன். "ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்" என்றான் ஒருவன். ஊடுபயிருக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கத்தை நான் படித்ததில்லை. மனிதர் உணவுக்கு முன்னோர் செய்துவந்த இந்தக் கலப்பை மாட்டின் உணவுக்கும் செய்யலாம் என்பதுதான் நம் பாடம். தெரிந்த இடத்தில் நின்று தொடங்கியதால் பிள்ளைகளுக்கு அது அந்நியமாகப் படவில்லை.

தீவனத்திலும் இந்தக் கலப்பு தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. காங்கேயம், தாராபுரம் வட்டாரத்துக் 'கொறங்காடு' அதற்கு நல்ல சான்று. மழை குறைந்த அந்த மண்ணில், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் வளரும். புல்லின் ஊடே நரிப்பயறு போன்ற பயறுவகைக் கொடிகள் படரும். நடுநடுவே வெள்வேல மரங்கள் நிற்கும். மழைக்குப் பின் புல்லும் கொடியும் மேய்ச்சல். கோடையில் புல் காய்ந்தபோது வெள்வேலங்காய் உதிர்ந்து தீவனமாகும். காங்கேயம் காளைகளின் உரத்துக்குப் பின்னால் இந்த மேய்ச்சல் நிலமும் இருக்கிறது. புல், பயறு, மரம் மூன்றும் ஆண்டின் வெவ்வேறு மாதங்களைப் பங்கிட்டுக்கொள்வதைப் பிள்ளைகள் பன்னிரண்டு மாத வட்டப்படமாக வரைந்தார்கள். பிறகு நம் ஊருக்கு அதே படத்தை வரையச் சொன்னேன். தை முதல் வைகாசி வரையிலான கட்டங்கள் ஏறக்குறைய வெறுமையாகவே நின்றன. பாடத்துக்கான கேள்வி அந்த வெற்றுக் கட்டங்களிலிருந்தே பிறந்தது.

பயிர்களை அறிதல்

புல் வகையில் மானாவாரிக்குக் கொழுக்கட்டைப் புல், பாசனம் உள்ள இடத்துக்குக் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். பயறு வகையில் மானாவாரிக்கு முயல் மசால். கம்பு நேப்பியரோடு சேர்க்க வேலி மசால். குறுகிய காலத்துக்குத் தட்டைப்பயறு. மூன்று வரிசை புல்லுக்கு ஒரு வரிசை பயறு என்ற விகிதத்தைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. கொழுக்கட்டைப் புல்லுக்கு முயல் மசாலும், கம்பு நேப்பியருக்கு வேலி மசாலும் இந்த 3:1 கணக்கில் பொருந்தும். விகிதப் பாடத்துக்கு வேறு எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை.

செயல்பாடு 1: வேரைப் பார்த்தல்

நாற்பது நாள் வளர்ந்த தட்டைப்பயறு அல்லது கொள்ளுச் செடியை மண்ணோடு தோண்டி எடுங்கள். பிடுங்கினால் முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். வாளித் தண்ணீரில் வேரை மெதுவாக அலசினால் சிறு உருண்டைகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்கிறது. வெளுத்தோ பச்சையாகவோ இருந்தால் இன்னும் தொடங்கவில்லை, அல்லது வேலையை முடித்துவிட்டது. பக்கத்திலேயே ஒரு புல்லின் வேரையும் அலசி வைத்தால் வேறுபாடு கண்ணுக்கு நேரே நிற்கும்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் செடியால் அதை நேராக எடுத்துக்கொள்ள முடியாது. வேர்முடிச்சில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா அதைச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருகிறது. செடி அதற்கு மாவுச்சத்தைத் தருகிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த பெய்ஜரிங்க் 1888இல் இந்தப் பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். பயறு விளைந்த நிலம் தெளியும் என்பதை உழவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தார்கள்.

இங்கே ஒரு தவறான கருத்தைக் கவனமாகத் திருத்த வேண்டும். நானும் பல ஆண்டுகள் அப்படியே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். பயறுச் செடி பக்கத்தில் நிற்கும் புல்லுக்கு உடனே நைட்ரஜனை ஊட்டிவிடுவதில்லை. நிலைநிறுத்திய நைட்ரஜனின் பெரும்பகுதி முதலில் அதன் தண்டுக்கும் இலைக்கும் விதைக்குமே போகிறது. உதிர்ந்த இலை மட்கும்போது, பழைய வேரும் முடிச்சும் அழுகும்போது, தழையைத் தின்ற மாட்டின் சாணமும் சிறுநீரும் நிலத்துக்குத் திரும்பும்போதுதான் புல்லின் பங்கு கிடைக்கிறது. தழையை எல்லாம் அறுத்துக்கொண்டு போய் எருவைத் திருப்பிப் போடாவிட்டால் மண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. இதைச் சொல்லாமல் விட்டால், பாத்தி போட்ட அடுத்த மாதமே புல் கரும்பச்சையாகும் என்று பிள்ளைகள் எதிர்பார்த்து ஏமாறுவார்கள்.

செயல்பாடு 2: மூன்று பாத்திகள்

பள்ளிக்குப் பின்புறம் 12 அடிக்கு 12 அடியில் மூன்று பாத்திகள் அமைத்தோம். ஒன்றரை அடி இடைவெளியில் பாத்திக்கு 8 வரிசைகள். முதல் பாத்தி முழுவதும் கொழுக்கட்டைப் புல். இரண்டாவது முழுவதும் முயல் மசால். மூன்றாவதில் 6 வரிசை புல், 2 வரிசை முயல் மசால். மூன்று பாத்திக்கும் ஒரே அளவு தொழு எரு. ஒன்றுக்கு மட்டும் கூடுதல் கவனிப்பு இருந்தால் ஒப்பீடு செல்லாது என்பதைப் பிள்ளைகளே விதியாக எழுதி ஒட்டினார்கள்.

முதல் ஆண்டு தோற்றோம். தவறு என்னுடையது. முயல் மசால் விதையைப் பொட்டலத்திலிருந்து அப்படியே எடுத்துத் தூவச் சொன்னேன். அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் முளைத்தது. விதை கெட்டுப்போனது என்று முடிவுகட்டியபோது, பாத்தியைப் பார்க்க வந்த ஒரு மாணவியின் தாத்தா சொன்னார்: "இந்த மாதிரி வெதை ஆட்டு வயித்துல போயி புழுக்கையில வந்தாத்தான் மொளைக்கும் டீச்சர்."

அவர் சொன்னது அறிவியல். பல பயறுவகை விதைகளின் மேல்தோல் நீர் புகாதபடி கடினமானது. ஆட்டின் வயிறு அந்தத் தோலை இளக்குகிறது. கொறங்காட்டு உழவர்கள் வெள்வேல விதையை ஆட்டுக்குத் தின்னக் கொடுத்து, புழுக்கையிலிருந்து பொறுக்கி விதைப்பதும் இதனால்தான். நாம் அதற்குப் பதிலாகச் சுடுநீரைப் பயன்படுத்தலாம். சுமார் 80 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள நீரில் விதையை 4 நிமிடம் வைத்து, வடித்து, குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவிட வேண்டும். சுடுநீரைக் கையாளும் வேலையை ஆசிரியரே செய்ய வேண்டும். அடுத்த ஆண்டு இப்படி ஊறவைத்த விதையையும் ஊறவைக்காத விதையையும் நூறு நூறாக எண்ணி இரண்டு தட்டுகளில் ஈரத்துணியில் வைத்தோம். முளைப்புச் சதவீதம் கணக்கிட 6ஆம் வகுப்புக்கு அதுவே பயிற்சியானது. சிறிய விதையாதலால் ஆழமாகப் புதைக்கக் கூடாது. மேலாகத் தூவி மண்ணை லேசாகக் கிளறிவிட்டால் போதும்.

செயல்பாடு 3: தராசுக் கணக்கு

விதைத்து 75 நாள் அளவில் முயல் மசால் பூக்கும்போது முதல் அறுவடை. புளி நிறுக்கும் கொக்கித் தராசு ஒன்றை ஒரு மாணவன் வீட்டிலிருந்து கொண்டுவந்தான். நிறுத்துப் பார்த்ததில் தனிப்புல் பாத்தியே முந்தியது. கலப்புப் பாத்தி சற்றுப் பின்தங்கியது. "அப்போ புல்லு மட்டும் போட்டாப் போதும்" என்று வகுப்பு தீர்ப்பு எழுதத் தயாராகிவிட்டது.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க வீட்டுல மாட்டுக்கு ஒரு கை புண்ணாக்குதான் வைப்போம். அது எடையே இல்ல. ஆனா வெச்சாப் பாலு கூடுது. அதை எதுல நிறுக்கறது?" என்றாள். இந்தச் செயல்திட்டத்தில் எனக்குக் கிடைத்த மிக நல்ல கேள்வி அது.

அவள் கேட்டதற்கு விடை புரதம். பச்சைத் தீவனத்தில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் போக மிஞ்சும் உலர் பொருளிலும், அதற்குள் இருக்கும் புரதத்திலும்தான் பாலும் சதையும் உருவாகின்றன. கீழே உள்ள எண்கள் எங்கள் பாத்தியின் அளவுகள் அல்ல. கரும்பலகைக் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் மாணவர்கள் தங்கள் தராசின் எண்களை இவற்றின் இடத்தில் எழுதட்டும்.

ஒவ்வொன்றும் 3 சென்ட் நிலம், ஒரு அறுவடை என்று கொள்வோம்.
தனிப்புல்: 100 கிலோ.
தனி முயல் மசால்: 60 கிலோ.
கலப்பு: புல் 75 கிலோ, முயல் மசால் 24 கிலோ, மொத்தம் 99 கிலோ.

தராசின்படி கலப்பில் 1 கிலோ நட்டம்.

இப்போது புரதக் கணக்கு. புல்லில் உலர் பொருள் 20 சதவீதம், அதில் புரதம் 8 சதவீதம். முயல் மசாலில் உலர் பொருள் 25 சதவீதம், அதில் புரதம் 16 சதவீதம் என்று கொள்வோம்.
தனிப்புல்: 100 கிலோவில் உலர் பொருள் 20 கிலோ, புரதம் 1.60 கிலோ.
கலப்பு: புல்லின் உலர் பொருள் 15 கிலோ, புரதம் 1.20 கிலோ, மசாலின் உலர் பொருள் 6 கிலோ, புரதம் 0.96 கிலோ, மொத்தப் புரதம் 2.16 கிலோ.

எடையில் 1 கிலோ குறைந்த கட்டில் புரதம் 35 சதவீதம் கூடுதல்! வகுப்பு ஒரு நிமிடம் பேச்சின்றி இருந்தது. பிறகு, எங்கோ தவறு இருக்கிறது என்று நான்கு பேர் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அந்தச் சந்தேகத்தை நான் தடுக்கவில்லை.

மேல்வகுப்புகளுக்கு நிலக் கணக்கையும் சேர்க்கலாம். 75 கிலோ புல்லைத் தனியாக விளைவிக்க 75/100, அதாவது 0.75 பங்கு நிலம் வேண்டும். 24 கிலோ மசாலுக்கு 24/60, அதாவது 0.40 பங்கு. கூட்டினால் 1.15. கலப்பாக 3 சென்ட்டில் எடுத்ததைத் தனித்தனியாக எடுக்க 3.45 சென்ட் வேண்டும் என்று பொருள். விடை 1க்கு மேல் என்றால் கலப்பு நிலத்தை மிச்சப்படுத்துகிறது. 1க்குக் கீழ் என்றால் இரண்டும் போட்டியிட்டு நட்டம் செய்கின்றன. துண்டு நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைக்கு இந்த ஒரு எண்ணின் அருமை எளிதில் விளங்கும்.

கோடைக்கு இன்னொரு செய்தியும் உண்டு. தீவனத்தில் புரதம் சுமார் 7 சதவீதத்துக்குக் கீழே போனால், மாட்டின் முதல் இரைப்பையில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கு நைட்ரஜன் போதாது. செரிமானம் மந்தமாகும், மாடு தின்பதும் குறையும். முற்றிக் காய்ந்த புல்லும் சாமைத் தாளும் இந்த எல்லைக்கு வெகுவாகக் கீழே நிற்பவை. வைக்கோல் போர் இருந்தும் மாடு மெலிவது இதனால்தான். அதோடு ஒரு கைப்பிடி காய்ந்த மசால் தழையைச் சேர்த்தால், அந்தத் தாளையே மாடு கூடுதலாகத் தின்று செரிக்கும். ஆழ வேர் விடும் முயல் மசால் புல் காய்ந்த பிறகும் சில வாரம் பச்சையாக நிற்கும். மழைக்காலக் கடைசியில் அறுத்து நிழலில் உலர்த்தியும் வைக்கலாம். வட்டப்படத்தின் வெற்றுக் கட்டங்களில் சில அப்படி நிரம்பின.

செயல்பாடு 4: பணக் கணக்கு

கலப்பில் கூடுதலாகக் கிடைத்த புரதம் 0.56 கிலோ. 40 சதவீதம் புரதமுள்ள கடலைப் புண்ணாக்கில் அதை வாங்க 1.4 கிலோ புண்ணாக்கு வேண்டும். கிலோ 50 ரூபாய் என்று கொண்டால் ஓர் அறுவடைக்கு 70 ரூபாய். ஆண்டுக்கு நான்கு அறுவடை என்றால் 280 ரூபாய். அதே விளைச்சல் 30 சென்ட்டில் கிடைத்தால் 2,800 ரூபாய். உங்கள் ஊர்க் கடையில் புண்ணாக்கு விலையை மாணவர்களே விசாரித்து வந்து இந்தக் கணக்கை மாற்றிப் போட வேண்டும். புண்ணாக்குப் புரதமும் தழைப் புரதமும் ஒரே அளவு செரிப்பவை அல்ல. எனவே இது தோராயக் கணக்கு என்பதையும் சொல்லிவிடுங்கள்.

"நாங்க புண்ணாக்கே வாங்கறதில்லையே, அப்போ என்ன லாபம்?" என்று ஒருவன் கேட்டான். சரியான மறுப்பு. வாங்காத பொருளில் மிச்சம் பிடிக்க முடியாது. அந்த வீட்டில் லாபம் வேறு இடத்தில் தெரியும்: ஆனி, ஆடி மழைக்குச் சாமை விதைக்கும்போது ஏர்மாடு சோராமல் உழுவதில், ஆட்டுக்குட்டி எடை கூடுவதில், கோடையில் மாட்டை வந்த விலைக்கு விற்காமல் வைத்திருப்பதில்.

அடுத்து உரக் கணக்கு. 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது 20.7 கிலோ. மூட்டை 266 ரூபாய் 50 காசு. ஒரு ஏக்கரில் பயறு 20 கிலோ நைட்ரஜனை நிலைநிறுத்துகிறது என்று கணக்குக்காகக் கொண்டால், அது ஏறக்குறைய ஒரு மூட்டை. "அவ்வளவுதானா?" என்று வகுப்பு ஏமாந்தது. எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் இந்த ஏமாற்றம் நல்ல விவாதத்துக்கு வழிவிட்டது. 266 ரூபாய் என்பது யூரியாவின் உண்மை விலை அன்று. அரசு மானியம் போக உழவர் தரும் பங்கு. மூட்டையைக் கொல்லை வரை கொண்டுசேர்க்கும் கூலி அதில் இல்லை. மேலும், கையில் காசு இருக்கும்போது வாங்கும் யூரியா முதலில் விற்பனைப் பயிருக்குத்தான் போகும். மாட்டுப் புல்லுக்கு யாரும் போடுவதில்லை. ஆகவே இங்கே பயறு யூரியாச் செலவைக் குறைப்பதைவிட, யூரியாவே போகாத இடத்துக்கு நைட்ரஜனைக் கொண்டுபோகிறது.

மூன்றாவது, நேரக் கணக்கு. தழைக்காக வீட்டில் யார், எத்தனை மணிக்குப் போய், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்று ஒரு வாரம் குறித்து வரச் சொன்னேன். கூலி போட்டுக் கணக்கிடலாம் என்றுதான் நினைத்திருந்தேன். குறிப்பேடுகளைப் பார்த்தபோது, பல வரிகளில் எழுதியிருந்த பெயர் அந்த மாணவருடையதோ அக்காவுடையதோ தம்பியுடையதோதான். அந்த மணிநேரங்களுக்கு நான் ரூபாய் போடவில்லை. வருகைப் பதிவேட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அவர்களுக்கே புரிந்தது.

செலவுப் பக்கத்தையும் எழுதுங்கள்

லாபத்தை மட்டும் சொன்னால் அது விளம்பரமாகிவிடும். கலப்புத் தீவனத்துக்கு விதைக்காசு வேண்டும். முயல் மசால் முதல் ஆண்டில் மெதுவாகவே வளரும். விதை தானே விழுந்து பரவி மூன்றாம் ஆண்டில்தான் முழு விளைச்சலுக்கு வரும். அதுவரை களையெடுப்பு உண்டு. உயர்ந்து வளரும் புல்லின் நிழலில் தாழ்ந்த பயறு நசுங்கும். ஆகவே புல்லைக் காலத்தில் அறுக்க வேண்டும்.

எங்கள் ஊரில் மிகப் பெரிய செலவு வேலி. அறுவடை முடிந்த கொல்லைகளில் எல்லார் ஆடு மாடும் மேயும். ஒருவர் மட்டும் பல்லாண்டுத் தீவனம் போட்டால் அது ஊர் ஆட்டுக்கு விருந்து. எங்கள் பாத்தியிலும் ஒரு சனி, ஞாயிறு விடுமுறையில் அந்த விருந்து நடந்தது. பிறகு பிள்ளைகள் முள் வெட்டி அடைத்தார்கள். வீட்டுக்கு ஒட்டிய வரப்பிலோ கல்கட்டின் ஓரத்திலோ தொடங்கினால் காவல் எளிது என்பது அவர்கள் கண்ட தீர்வு.

ஒரே வகையை நம்பக் கூடாது என்பதற்கு ஆஸ்திரேலியாவின் அனுபவம் பாடம். குயின்ஸ்லாந்தின் மேய்ச்சல் நிலங்களில் டவுன்ஸ்வில் ஸ்டைலோ என்ற மசால் வகை பெரும் பரப்பில் பரப்பப்பட்டது. 1970களில் ஆந்த்ராக்னோஸ் என்னும் பூஞ்சை நோய் வந்து அதை அழித்தது. நோயைத் தாங்கும் வேறு மசால் வகைகளுக்கு அவர்கள் மாற வேண்டியதாயிற்று. "ஒண்ணு போனாலும் ஒண்ணு நிக்கும்" என்ற நம் மாணவனின் சொல் அங்கும் பொருந்தும்.

தீவனம் கொடுப்பதிலும் எச்சரிக்கை வேண்டும். பயறுவகைத் தழையை மட்டும் வயிறு நிறையப் போடக் கூடாது. ஈரத்தோடு அதிகம் தின்றால் சில வகைகளால் வயிறு உப்பும். புல்லோடு கலந்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். சூபாபுல் தழையில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் இருப்பதால் மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஐயம் இருந்தால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்கச் சொல்லுங்கள். விதைக்கும் ஆலோசனைக்கும் கோவையில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தீவனப் பயிர்கள் துறையையும், உங்கள் பகுதி வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகலாம்; எங்கள் பக்கத்துக்கு வேலூர் மாவட்டம் விரிஞ்சிபுரத்தில் ஒன்று உள்ளது.

மதிப்பீடு

மனப்பாட விடை வராத கேள்விகளாகக் கேட்டேன்.

1. புல்லும் பயறும் கலந்த பாத்தியில் எடை குறைந்தது. ஆனாலும் அதைத் தேர்ந்தெடுப்பீர்களா? காரணத்தைக் கணக்கோடு எழுதுக.
2. தழை முழுவதையும் அறுத்து விற்றுவிட்டால் மண்ணில் நைட்ரஜன் கூடுமா?
3. பாலுக்கு மாடு இல்லாத, ஆடு மட்டும் உள்ள வீட்டுக்கு இந்தக் கலப்பு பயன்படுமா?
4. உங்கள் கொல்லையில் இதைச் செய்ய முடியாது என்றால், தடை எது? யாரிடம் பேசினால் அது நீங்கும்?

நான்காம் கேள்விக்கு வந்த விடைகளில் பாதிக்கு மேல் 'வேலி' என்றிருந்தன. ஒரு விடைத்தாளில் மட்டும் "பக்கத்துக் கொல்லைக்காரரும் சேர்ந்து போட்டால் ஒரே வேலி போதும்" என்று இருந்தது. அதை வகுப்பில் உரக்கப் படித்தேன்.

இரண்டு ஆண்டுகளில் எங்கள் ஊரின் தீவனக் கஷ்டம் தீர்ந்துவிட்டது என்று எழுத மாட்டேன். பள்ளிப் பாத்தியிலிருந்து விதை கொண்டுபோய் மூன்று வீட்டார் வரப்பில் போட்டிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றை ஆடு தின்றுவிட்டது. மற்ற இரண்டும் இந்த மாசியில் இன்னும் பச்சையாக நிற்கின்றன. முதல் ஆண்டு பாத்தி வெட்டியபோது பாதி நாள் வராமல் இருந்த ஒரு பையன், அந்த இரண்டு வீடுகளில் ஒன்றைச் சேர்ந்தவன். இப்போதும் தழை ஒடிக்கப் போகிறான். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறான்.

ஆசிரிய நண்பர்களே, உங்கள் பள்ளியில் 12 அடி நிலம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. இரண்டு பழைய சாக்குப் பைகளில் மண் நிரப்பி ஒன்றில் புல்லும் மற்றொன்றில் புல்லும் தட்டைப்பயறும் வளருங்கள். தராசு, குறிப்பேடு, ஒரு வாளித் தண்ணீர் இருந்தால் போதும். விதைப்பதை மட்டும் ஆடி மழைக்கு முன் திட்டமிட்டுவிடுங்கள்.